திருக்கோயிற் பண்டாரமும் தொண்டை நாட்டுப் பொருள் வளமும்

கருவறையின் முன் கைகூப்பி நிற்கும் அன்பர், இறைவனது திருமேனியைக் காண்கின்றார். அத்திருமேனியைத் தமக்குக் காட்டுகின்ற சிறு விளக்கினைப் பெரும்பாலும் நினைப்பதில்லை. அவ்விளக்கிற்கு நெய் வார்த்தவர் யார், எப்பொருளைக் கொண்டு வார்த்தார், அவர் மறைந்த பின்னரும் அந்நெய் குறைவின்றி வந்து சேர என்ன ஏற்பாடு செய்தார் என்று வினவத் தொடங்குவோமாயின், நாம் நம்மை அறியாமலேயே சமய வரலாற்றினின்றும் நாட்டுப் பொருளியல் வரலாற்றினுள் புகுந்துவிடுகின்றோம். வைப்புநிதி, வட்டி, பிணை, தணிக்கை என்னும் சொற்களைக் கேட்ட அளவில் நமக்குக் கடைவீதியும் வங்கிக் கட்டடமுமே நினைவிற்கு வருகின்றன. ஆனால், அச்சொற்கள் குறிக்கும் செயல்கள் யாவும் நம் நாட்டில் திருக்கோயிற் சுவர்களிலேயே முதன்முதல் விரிவாகவும் வெளிப்படையாகவும் எழுதப்பட்டன. கேளம்பாக்கத்துத் திருக்கோயில் குடமுழுக்குக் காணும் இந்நன்னாளில், பொருள் தந்து இத்திருப்பணியை நிறைவேற்றிய அன்பர்கள் அவ்வரலாற்றை அறிந்துகொள்வது பொருத்தமேயாகும்.

சோழர் காலத்தில் ஒருவர் கோயிலுக்கு நந்தாவிளக்கு ஒன்று வைக்க விரும்பினால் நெய்யை வாங்கிக் கொடுத்துச் சென்றுவிடுவதில்லை. ஆடுகளைக் கொடுத்தார். தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுகளில் ஒரு விளக்கிற்கு 96 ஆடு, அன்றேல் 48 பசு, அன்றேல் 16 எருமை என்று கணக்கிடப்பட்டிருக்கின்றது. அஃதாவது, ஒரு பசுவுக்கு இரண்டு ஆடு. ஓர் எருமைக்கு மூன்று பசு. வேறு சில ஊர்களில் 90 ஆடு எனவும் காண்கின்றோம். இவ்வாடுகளை இடையர் ஏற்றுக்கொண்டு நாள்தோறும் உழக்கு நெய் அளந்துவிட வேண்டும். நான்கு உழக்கு ஒரு நாழி. ஆகவே 360 நாள் கொண்ட ஆண்டொன்றுக்கு 90 நாழி நெய். மந்தையில் பிறக்கும் குட்டிகளும் எஞ்சிய பாலும் இடையர்க்கே உரியன. ஆனால் 96 என்னும் எண் மட்டும் குறையலாகாது. ஓர் ஆடு இறப்பின் பிறந்த குட்டியொன்று அதனிடத்தை நிரப்பும். இதனாலன்றோ அவ்வாடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்றனர்! சாவதும் இல்லை, மூப்பதும் இல்லை. ஆடு என்பது இங்கே ஒரு விலங்கன்று, அழியா முதல்.

இதனை நோக்கின், இது கொடையும் ஆயிற்று, கடனும் ஆயிற்று. இறைவனுக்கு ஒளி, கையில் முதலில்லாத இடையன் குடிக்கு ஒரு மந்தை. ஆடு பெற்ற இடையனது பெயரோடு அவனுக்காகப் பொறுப்பேற்ற உற்றார் பெயர்களும் தஞ்சைக் கல்வெட்டுகளில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இக்காலத்து வங்கியாரும் பிணையாளி இன்றிக் கடன் தருவதில்லை என்பதை அன்பர்கள் அறிவார்கள்.

ஆட்டினை ஒத்ததே காசும். இராசராசன் காலத்தில் தஞ்சைப் பெருங்கோயிலுக்கு அரசரும் அரச குடும்பத்தாரும் அதிகாரிகளும் தந்த காசுகளை நிலவறையில் பூட்டி வைத்தார்களல்லர். அவை சோழ நாட்டு ஊர்ச்சபைகளிடம் முதலாகக் கொடுக்கப்பட்டன. வட்டிக்கு அன்று 'பலிசை' அல்லது 'பொலிசை' என்று பெயர். ஆண்டுக்குக் காசொன்றுக்கு அரைக்கால் காசு பலிசை, நூற்றுக்குப் பன்னிரண்டரை. நெல்லாகத் தருவோர் காசுக்கு முக்குறுணி அளப்பர். காசுக்கு இரு கலம் நெல் என்பது அக்காலத்து விலை. இரு கலத்திற்கு 24 குறுணி. அதில் மூன்று குறுணி எட்டில் ஒரு பங்கு. காசாகக் கொடுப்பினும் நெல்லாகக் கொடுப்பினும் கணக்கு ஒன்றாகவே வருவதைக் காண்க.

இவற்றுள் நெஞ்சை மிகவும் கவர்வது பிள்ளையாரின் வாழைப்பழக் கணக்கு. தஞ்சைக் கோயிலின் பரிவார ஆலயத்துப் பிள்ளையாருக்கு நாள்தோறும் 150 வாழைப்பழம் நிவேதிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இதற்காக 360 காசு தஞ்சை நகரத்து நான்கு அங்காடித் தெருக்களின் வணிகரிடம் முதலாகப் பிரித்து வைக்கப்பட்டது. நாள் ஒன்றுக்கு 150 என்றால் ஆண்டுக்கு 54,000 பழம். காசுக்கு 1,200 பழம் என்ற விலைக்கு அதன் மதிப்பு 45 காசு. 360 காசுக்கு எட்டில் ஒரு பங்கு பலிசையும் சரியாக 45 காசு! ஒரு பழம் மிகவில்லை. ஒரு பழம் குறையவும் இல்லை. வணிகர்க்கோ தம் தொழிலுக்கு 360 காசு முதல் கிடைத்தது. பிள்ளையார் அத்தெருக்களின் வணிகத்திற்கு முதல் போட்ட செல்வராகிவிட்டார் என்று சொன்னால் அவர் சினந்துகொள்ள மாட்டார்.

இறைவன் பொருளுக்கு வட்டி வாங்குவதா என்று முகம் சுளிக்கும் நல்லோர் சிலர் உண்டு. அவர்கள் ஒன்றைக் கருத வேண்டும். அவ்வட்டி எவர் பேழையிலும் சென்று அடையவில்லை. நெய்யாகவும் நெல்லாகவும் பழமாகவும் திரும்பி வந்து, பூசையாகி, அடியார்க்கும் பணியாளர்க்கும் சோறாயிற்று. முதலோ ஏரியாகவும் வாய்க்காலாகவும் காடு திருத்திய கழனியாகவும் ஊரில் தங்கிற்று. பிற்காலத்தில் விசயநகர வேந்தர் ஆட்சியில் திருவேங்கடவன் கோயிலுக்கு அன்பர் அளித்த பணம் ஏரி குளங்களை வெட்டவும் வாய்க்கால்களைச் செப்பனிடவும் செலவிடப்பட்டு, அதனால் மிகுந்த விளைச்சலிலிருந்து கட்டளைகள் நடந்தன என்பதை அக்கோயிற் கல்வெட்டுகளே கூறுகின்றன. கொடை பண்டாரத்தில் உறங்குமாயின் அது பொன். வெளியே வந்து உழைக்குமாயின் அது நீர்.

தொண்டை நாட்டிலும் இம்முறை வேரூன்றியிருந்தது. பத்தாம் நூற்றாண்டினரான உத்தம சோழரின் செப்பேடுகள் இன்று சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளன. காஞ்சி மாநகரில் உலகளந்த பெருமாள் எழுந்தருளிய ஊரகத் திருக்கோயிலைப் பற்றியவை அவை. அக்கோயிலுக்குரிய பொன், கூரம், அரியபெரும்பாக்கம் முதலிய ஊராரிடத்தும் காஞ்சி நகரத்துச் சேரிகளிடத்தும் பொலியூட்டாக வைக்கப்பட்டிருந்தது. கோயிற் காரியங்களைப் பார்க்கும் பொறுப்பு நெசவாளர் சேரிகளுக்கு அளிக்கப்பட்டது. பட்டு நெய்யும் கைகளே பெருமாளின் பொன்னுக்கும் காவலாயின. காஞ்சியின் நெசவும் காஞ்சியின் கோயிலும் ஒன்றையொன்று தாங்கி வளர்ந்தமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

முதல் வைப்பது எளிது, காப்பது அரிது. வட்டி தண்ட வருவோர்க்கு நாளும் இருவேளைச் சோறிட வேண்டும், தவறினால் இன்ன தண்டம் இறுக்க வேண்டும் என்றெல்லாம் உடன்படிக்கைகளில் கல்லில் வெட்டினர். அவ்வளவு எழுதியும் சில இடங்களில் தளர்ச்சி நேர்ந்தது. வேலூரை அடுத்த திருவல்லத்துக் கல்வெட்டு அத்தகைய நிகழ்ச்சி ஒன்றை ஒளிக்காமல் கூறுகின்றது. இராசராசன் ஆட்சியின் 7ஆம் ஆண்டில் மதுராந்தகன் கண்டராதித்தனார் என்னும் பெருமகனார் அங்கு வந்து, இறைவனுக்கு ஆயிரங் குடம் நீராட்டுச் செய்தார். அருகில் நின்று நோக்கிய அவர் கண்ணுக்குக் குறைகள் புலப்பட்டன. திருவமுது இரு நாழி அரிசியாகச் சுருங்கியிருந்தது. கறியமுதும் நெய்யமுதும் தயிரமுதும் நின்றுபோயிருந்தன. நந்தா விளக்குகள் பேணப்படவில்லை. நீராட்டு முடிந்ததும் அவர் வாளா திரும்பவில்லை. சிவப்பிராமணரையும் திருவல்லத்துச் சபையாரையும் அழைத்து, அரசாணைப்படி இக்கோயிலின் வரவு என்ன, செலவு என்ன என்று கணக்குக் கேட்டார்.

ஆயிரங் குடம் நீராட்டிய கையோடு கணக்குக் கேட்ட அப்பெரியாரின் செயல் அடியேன் சிந்தையை விட்டு அகலுவதில்லை. நீராட்டு ஒரு நாள் விழா. நெய்யமுது நாள்தோறும் வேண்டுவது. குடமுழுக்குத் திருப்பணிக்கு வாரி வழங்கும் நம் அன்பர்களுள் கோபுரத்துக்கும் மண்டபத்துக்கும் தருவோர் பலர். எண்ணெய்க்கும் மடைப்பள்ளி அரிசிக்கும் முதல் வைப்போர் சிலரே. கோபுரத்தில் பெயர் தெரிகின்றது, எண்ணெயில் தெரிவதில்லை என்பது காரணமாக இருக்கலாம். பழங்காலத்தாரோ எண்ணெய்க்கும் கல்லில் பெயர் வெட்டினர்!

கோயிற் பண்டாரம் ஊரின் இறுதிப் புகலிடமாகவும் இருந்தது. பதினோராம் நூற்றாண்டில் தஞ்சை நாட்டு ஆலங்குடியில் பஞ்சம் புகுந்தபொழுது, ஊராருக்குக் கடன் கொடுப்பார் எவரும் இலர். அப்பொழுது சபையார் கோயிலிடம் கையேந்தினர். இறைவனுடைய பொன் அணிகலன்களும் வெள்ளிக் கலங்களும், ஆயிரங் கழஞ்சுக்கு மேற்பட்ட பொன்னும் உட்பட, அவர்களுக்குக் கடனாகத் தரப்பட்டன. ஊரார் அதற்கு ஈடாக நிலத்தைக் கோயிலுக்கு எழுதிக் கொடுத்தனர். இறைவன் தன் அணிகளைக் கழற்றிக் கொடுத்து ஊரைப் பசியினின்றும் காத்தான் என்று அடியார் இதனைக் கொள்வர். ஆனால் நிலம் கைமாறியது என்பதையும் வரலாறு படிப்போர் மறத்தற்கில்லை. கோயிற் கடன் இலவசம் அன்று. எனினும் விதைநெல்லும் அற்ற நாளில் அது கிடைத்தது.

இனி நம் பகுதிக்கு வருவோம். கேளம்பாக்கத்திற்குக் கிழக்கே உப்பளங்கள். அவற்றைக் கடந்தால் கோவளம். அதற்குத் தெற்கே திருமங்கையாழ்வார் பாடிய திருவிடந்தை. நம் நெடுஞ்சாலை வழியே தெற்கே சென்றால் முருகன் உறையும் திருப்போரூர். திருவிடந்தை நித்திய கலியாணப் பெருமாள் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் பல உள்ளன. திருவிடந்தையையும் மாமல்லையையும் தன்னகத்தே கொண்டிருந்த பழைய ஆமூர்க் கோட்டம், கடலும் கழனியும் கலந்த நாடு. இங்கே நெல்லோடு உப்பும் மீனும் செல்வம். உப்பிற்கு ஓர் இயல்பு உண்டு. அளத்தில் விளையும் காலம் சில திங்களே. மழை பெய்தால் அதுவும் கரையும். உழைப்போர்க்கு ஆண்டு முழுவதும் வயிறு உண்டு. ஆகவே முன்பணம் கொடுப்பவர் இன்றி உப்புத் தொழில் நடவாது. 1805இல் கிழக்கிந்தியக் கும்பினியார் சென்னை மாகாணத்தில் உப்பைத் தம் தனியுரிமை ஆக்கிக்கொண்டபின், விளைந்த உப்பின் விலையும் அவர்கள் கையில் போயிற்று. பக்கிங்காம் கால்வாய் வழியே உப்பும் விறகும் படகேறிச் சென்னைப் பட்டணம் சென்ற காலத்தில், பட்டணத்துப் பணமும் அதே வழியே முன்பணமாக இங்கு வந்தது.

அதற்கு முன்னரே பெருமாற்றம் ஒன்று நிகழ்ந்துவிட்டது. 1763இல் ஆற்காட்டு நவாபு முகம்மதலி இந்தச் செங்கழுநீர்ப்பட்டுச் சீமையைக் கும்பினியாருக்குச் சாகீராகக் கொடுத்தார். நவாபு பட்டணத்து வெள்ளையரிடம் வாங்கிய கடன்களின் கதை இலண்டன் பாராளுமன்றம் வரை சென்று நாறியது. ஊருக்குள் உழைத்த கோயிற் பொன்னுக்கும் ஊரை விழுங்கிய இக்கடனுக்கும் உள்ள வேற்றுமையை விளக்க வேண்டுவதில்லை. இடையில் ஓர் ஆறுதலும் உண்டு. 1794 முதல் 1798 வரை இச்சீமையின் கலெக்டராயிருந்த லயனல் பிளேசு துரை ஏரிகளையும் கோயில்களையும் செப்பனிடுவதில் ஈடுபட்டார். மதுராந்தகத்து ஏரிகாத்த இராமர் கோயிலில் தாயார் சன்னிதி அவர் தர்மம் என்று கல்வெட்டே சொல்லுகின்றது. ஏரி காக்கப்பட்டமைக்கு நன்றியாகத் தாயாருக்குச் சன்னிதி எழுந்தது என்பர். ஏரியையும் கோயிலையும் பிரிக்கலாகாது என்னும் இந்நாட்டு உண்மையை அயல்நாட்டு அதிகாரியும் உணர்ந்துகொண்டார் போலும்.

1817ஆம் ஆண்டின் 7ஆம் ரெகுலேசன் கோயிற் சொத்துகளை அரசின் மேற்பார்வையில் கொண்டுவந்தது. 1863இல் அரசு அப்பொறுப்பினின்றும் விலகிக்கொண்டது. இவ்விழுபறியில் பண்டாரம் ஊருக்கு முதல் கொடுக்கும் வழக்கம் படிப்படியாக மங்கிற்று. உழவனுக்குக் கடன் தேவை மட்டும் மங்கவில்லை. அவன் வட்டிக்கடைக்குச் சென்றான். அங்கே உடன்படிக்கை கல்லில் இல்லை. கடன் கொடுத்தவர் கைச்சீட்டில் இருந்தது.

இந்நிலையை ஆராய அமர்த்தப்பட்ட பிரெடரிக் நிக்கல்சன், 1895இலும் 1897இலும் இரு பாகங்களாக அறிக்கை அளித்தார். செருமனியில் உழவர்கள் தம்முள் சங்கம் அமைத்து ஒருவர்க்கொருவர் பிணையாகிக் கடன் பெறும் முறையை இங்கும் கொணர வேண்டும் என்பது அவர் கருத்து. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. இங்கே நம் பகுதியார் பெருமையுறத்தக்க செய்தி ஒன்று உண்டு. அவ்வாண்டு ஆகத்து மாதத்தில் திரூர் என்னும் சிற்றூரில் உழவர் கடன் சங்கம் பதிவாயிற்று. மாகாணத்தில் அதுவே முதற் சங்கம். அக்டோபரில் காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவாயிற்று. இந்தியா முழுவதிலும் நகரத்தார்க்கென அமைந்த முதற் கூட்டுறவுக் கடன் சங்கம் அதுவே. இரண்டும் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில்! எந்தக் காஞ்சியில் நெசவாளர் சேரிகள் பெருமாளின் பொன்னைக் காத்தனவோ, அதே காஞ்சியில் ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்குப் பின் ஒருவர்க்கொருவர் பிணை நிற்கும் முறை மீண்டும் தோன்றிற்று. இவ்விரண்டையும் நேரே இணைக்கும் சங்கிலி உண்டென்று அடியேன் வாதிக்கவில்லை. ஆயினும் அந்த மண்ணுக்கு இம்முறை புதிதன்று.

சென்னைப் பட்டணத்தில் மயிலாப்பூர் இந்து பர்மனெண்ட் பண்டு 1872இலேயே தோன்றி, மாதச் சம்பளக்காரரின் சிறு சேமிப்பைத் திரட்டி வந்தது. ஆயினும், வெள்ளைக்காரக் கம்பெனி என்றால் மலை போன்றது என்னும் நம்பிக்கையால் பலரும் தம் வாழ்நாட் சேமிப்பை ஆர்பத்நாட் கம்பெனியில் வைத்திருந்தனர். 1906 அக்டோபர் 22ஆம் நாள் அக்கம்பெனி முறிந்தது. ஓய்வு பெற்றோரும் கைம்பெண்களும் தெருவில் நின்றனர். வைத்த முதல் வேறு தொழில்களிலும் சூதாட்டம் போன்ற வாணிகத்திலும் கரைந்துபோயிற்று. சர் சார்சு ஆர்பத்நாட் 18 மாதக் கடுங்காவல் பெற்றார். சாவா மூவா ஆடுகளை இடையன் அடித்துத் தின்றுவிட்டால் விளக்கு என்னாகும் என்பதைப் பட்டணத்தார் அன்று கண்டனர். வைத்தவர்களுக்காக வழக்காடிய வி. கிருஷ்ணசுவாமி ஐயர் அழுகையோடு நின்றுவிடவில்லை. நகரத்தார் செல்வர்களையும் பிறரையும் கூட்டி, 1907இல் இந்தியன் வங்கியைத் தோற்றுவித்தார். அவ்வங்கி அவ்வாண்டு ஆகத்து 15ஆம் நாள் தொழில் தொடங்கிற்று. பிற்காலத்திலும் ஆர்பத்நாட்டின் கதை வேறு பெயர்களில் நடந்ததுண்டு. மிகுந்த வட்டி ஆசை காட்டி முதலை விழுங்கிய நிறுவனங்கள் காரணமாக 1997இல் வைப்பீட்டாளர் நலன் காக்கத் தமிழ்நாடு தனிச்சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

இன்றோ, கேளம்பாக்கத்தின் வழியே செல்லும் பழைய மாமல்லபுரம் சாலை உலகக் கணக்கெழுதும் வீதியாக மாறியிருக்கின்றது. அச்சாலையின் வடபகுதியாகிய தரமணியில் உலக வங்கியின் அலுவலகம் அமைந்து, பல நாடுகளைச் சார்ந்த அவ்வங்கியின் கணக்கு வேலைகள் பல அங்கே நடைபெறுகின்றன. நமக்கு அணித்தாகிய சிறுசேரியில் ஆயிரக்கணக்கான இளைஞர் கணிப்பொறியின் முன் அமர்ந்து உழைக்கின்றனர். உப்பளத்து முன்பணத்தில் வாழ்ந்த ஊரில் இப்பொழுது மாதச் சம்பளம் வங்கியில் வந்து விழுகின்றது. வயலுக்கு நேற்று ஒரு விலை, மனைக்கு இன்று ஒரு விலை. வீட்டுக் கடனோ இருபது ஆண்டு. இத்திருப்பணிக்கு வந்த நன்கொடைகளிலும் அச்சம்பளத்தின் பங்கு உண்டென்பதை நாம் மகிழ்வோடு நினைக்கலாம்.

கோயிற் பொன்னும் மீண்டும் உழைக்கத் தொடங்கியிருக்கின்றது. அன்பர்கள் காணிக்கையாகச் செலுத்தி, திருமேனிக்குப் பயன்படாது கிடந்த பொன் இனங்களை மும்பை அரசு உருக்காலையில் உருக்கிக் கட்டிகளாக்கி, பாரத ஸ்டேட் வங்கியில் முதலீடு செய்யும் பணியை இந்து சமய அறநிலையத்துறை மேற்கொண்டது. 21 கோயில்களின் பொன் 1,074 கிலோவுக்குச் சற்று மேல் இவ்வாறு வைக்கப்பட்டு, ஆண்டுக்கு 17.81 கோடி ரூபாய் வட்டி கிடைப்பதாக 2025இல் சட்டமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. இதில் பெரும்பங்கு சமயபுரத்து மாரியம்மனுடையது. எளியோரின் திருமாங்கல்யக் காசும் கண்மலரும் சேர்ந்த பொன் அது.

பொன் இல்லாத கோயில்கள் என் செய்யும்? ஒரு வேளைப் பூசைக்கும் வருவாயற்ற கோயில்களுக்கென 'ஒரு கால பூசைத் திட்டம்' என ஒன்று உண்டு. கோயில் ஒவ்வொன்றின் பெயராலும் ஒரு இலட்சம் ரூபாய் முதலாக வைத்து, அதன் வட்டியில் நாள்தோறும் விளக்கேற்றி அமுது படைப்பதே அத்திட்டம். 2022இல் 12,959 கோயில்களுக்கு இம்முதல் இரண்டு இலட்சமாக உயர்த்தப்பட்டு, அதற்கென 129.59 கோடி ரூபாய், மின் தொழிலுக்கு நிதியுதவும் அரசு நிறுவனமொன்றில் வைப்பாக அளிக்கப்பட்டது. முதலைத் தொடலாகாது, வட்டியையே செலவிடலாம். இடையனிடம் இருந்த முதல் இப்பொழுது மின்சாரத் தொழிலிடம் இருக்கின்றது. வட்டி வரும் நாளில் குருக்களோ பூசாரியோ அதனைப் பெற்று எண்ணெயும் அரிசியும் வாங்குகின்றார். அந்தி வேளையில் அச்சிறு கோயில்களில் விளக்கு எரிகின்றது.